இலை கொட்டும் மாதம்

சென்ற டிசம்பரில் துபாயில் வசிக்கும் என் தங்கையின் வீட்டிற்குச் சென்றிருந்தேன். பாலைவன நகரம் என்றதும் சுட்டெரிக்கும் வெயிலைத்தான் எதிர்பார்த்தேன். ஆனால், அங்கே அது குளிர்காலம். கோடையில் 40 பாகை செல்சியசைத் தாண்டும் வெப்பம், டிசம்பர் விடியற்காலையில் 15 பாகை வரை இறங்கிவிடுகிறது. கோடை முழுவதும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்கள் மிதிவண்டிகளை வெளியே எடுக்கும் காலம் அதுதான். நகருக்கு வெளியே அல் குத்ரா என்னுமிடத்தில் மணல்வெளியின் நடுவே மிதிவண்டிக்கென்றே தனிப்பாதை போட்டிருக்கிறார்கள். அதில் மோட்டார் வாகனங்கள் வருவதில்லை.

மாப்பிள்ளை எனக்கொரு மிதிவண்டியை வாடகைக்கு எடுத்துத் தந்தார். பாதையைத் திட்டமிடும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கலைத்திட்ட அதிகாரி அல்லவா? ஆண்டு முழுவதும் திட்டம் தீட்டுவதுதானே என் வேலை! கைப்பேசி வரைபடத்தைத் திறந்து ஏரி, மணல்மேடு, நீண்ட கொம்புடைய ஓரிக்ஸ் மான்கள் நடமாடும் பகுதி என அழகான இடங்களையெல்லாம் கோத்து ஒரு கோடு இழுத்தேன்.

போகும்போது சுகமாகத்தான் இருந்தது. திரும்பும்போது நண்பகல் நெருங்கிவிட்டது. கடற்பக்கத்திலிருந்து வீசிய காற்று நேராக நெஞ்சில் மோதியது. மிதித்தாலும் வண்டி நகர மறுத்தது. ஒதுங்கி நிற்க ஒரு மரமில்லை. கொண்டுபோன இரண்டு புட்டித் தண்ணீரும் தீர்ந்துவிட்டன. மாப்பிள்ளை தம் புட்டியை நீட்டியபடி, “மச்சான், இங்கே அழகைப் பார்த்துப் பாதை போடக்கூடாது. திரும்பி வரும்போது காற்று எந்தப் பக்கம், தண்ணீர் எங்கே கிடைக்கும், இந்த இரண்டையும் பார்த்துத்தான் போடவேண்டும்,” என்றார்.

நாடு திரும்பியதும் மலாக்காவிலும் ஒரு பாதையை வகுக்க வேண்டும் என்ற ஆசை எழுந்தது. பணி புத்ராஜெயாவில் என்றாலும் வார இறுதியில் ஜாசினில் இருக்கும் அப்பாவைப் பார்க்கச் செல்வது என் வழக்கம். அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தேன். ஜாசின், சிம்பாங் பெக்கோ, அசகான், நியாலாஸ், செலாண்டார், மீண்டும் ஜாசின். வழியெல்லாம் லேடாங் மலை தெரிய வேண்டும் என்பது என் எண்ணம். 1,276 மீட்டர் உயரமுள்ள அம்மலை ஜொகூரில் இருந்தாலும், அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் மலாக்காப் பிள்ளைகளாகிய நாங்களும்தான்.

வரலாறும் அப்பாதையில் உண்டு. டான் சாய் யான் என்பவர் 1896-இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் தோட்டம் போட்டார். மலாயாவில் வணிகத்திற்காக இரப்பர் பயிரிட்ட முதல் தோட்டம் அது. பிறகு அசகானிலும் பயிரிட்டார். நம் முன்னோர் பலர் கப்பலேறி வந்து பால் வெட்டியது, அப்படித் தொடங்கிய தொழிலில்தான். இன்று அந்த மண்ணில் பெரும்பகுதி செம்பனை.

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் மிதிவண்டியிலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்ட பிறகு, அவர் வண்டியைத் தொட்டதில்லை. அதிகம் பேசுவதும் இல்லை. விரலை வரைபடத்தில் வைத்தார்.

“இந்தப் பக்கம் செம்பனைக் குலை ஏத்துன லாரி ஓடும். இறக்கத்துல மெதுவா வரமாட்டான். ஞாயித்துக்கிழமை போ. அசகான் பக்கம் மேடு. வெயில் ஏறுறதுக்குள்ள அதை முடிச்சிடு.”

“சரிப்பா.”

“அடுத்த வாரமே போறியா?”

“ஆமாம்.”

“இப்ப மதியத்துக்கு மேல மழை. மழையில என்னத்தப் பார்ப்ப? பிப்ரவரியில போ. நியாலாஸ் பக்கம் சின்னத் தோட்டக்காரங்களோட பால் மரம் இன்னும் நிக்குது. இலை கொட்டும்.”

நம் நாட்டில் குளிர்காலம் இல்லை. ஆனால், இரப்பர் மரத்திற்கு அப்படியொரு காலம் உண்டு. ஆண்டின் தொடக்கத்தில் மழை குறையும்போது இலைகள் செம்பு நிறமாகி உதிரும். பிறகு பளபளவென்று இளந்தளிர் விடும். தோட்டத்தில் பிறந்த எனக்கு அது தெரியாததல்ல. இலை கொட்டும் மாதங்களில் பால் குறையும். பால் குறைந்தால் சம்பளம் குறையும். எங்கள் வீட்டில் அது கடன் வாங்கும் காலம். அதே மாதத்தைத்தான், பார்க்க அழகாக இருக்கும் என்று அப்பா எனக்குப் பரிந்துரைத்தார். அந்த அழகை அவர் அப்போதும் கவனித்திருக்கிறாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பிறகு அவர் விரல் ஜாசின் பட்டணத்தின் ஓரத்தில் நின்றது. “இங்க ஒரு ஒட்டுக்கடை இருந்திச்சு. பக்கத்துல பெரிய மரம். நல்ல நிழல். நான் உனக்காக நிப்பேனே, அந்த இடம். அங்க தண்ணி குடிச்சிட்டு வா.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

1992-இல் நான் படிவம் ஒன்றில் சேர்ந்தேன். பிற்பகல் பள்ளி. மாலை ஆறரைக்குப் பள்ளி விடும்போது தோட்டத்துப் பக்கம் பேருந்து இருக்காது. காலை ஐந்து மணிக்குப் பெரட்டுக்குப் போய், பால் வெட்டி, வாளி சுமந்து ஓய்ந்த அப்பா, மாலையில் ஏழு கிலோமீட்டர் மிதித்து என்னை அழைத்துப்போக வருவார். வண்டியிலும் சட்டையிலும் புளித்த பால் வாடை வீசும். பள்ளி வாசலில் வகுப்பு நண்பர்கள் மூக்கைப் பிடித்த அன்று இரவு, “இனிமேல் வாசலுக்கு வராதீங்கப்பா, ஒட்டுக்கடையிலேயே நில்லுங்க,” என்று சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. இரண்டு ஆண்டுகள் அந்த மரத்தடியிலேயே நின்றார். மழை நாளிலும் அங்கேதான்.

அந்த இடத்தை அவர் நிழல் நல்ல இடமாக மட்டும் நினைவில் வைத்திருந்தார். அல்லது, எனக்காக அப்படிச் சொன்னாரோ?

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புறப்படுவதென்று முடிவாயிற்று. முதல் நாள் இரவு அப்பா சொன்னார்:

“தம்பியைக் கார்ல கூட்டிட்டுப் போகச் சொல்லி, நான் கடைக்கிட்ட வந்து நிக்கிறேன்.”

“கடையில வேண்டாம்பா. பள்ளி வாசல்ல நில்லுங்க.”

சற்று நேரம் பேச்சில்லை. “அங்க வெயில் அடிக்குமேய்யா,” என்றார்.

மறுநாள் விடிந்து வெளிச்சம் வந்ததும் ஏழேகாலுக்குக் கிளம்பினேன். அப்பா சொன்னது போலவே லாரிகள் குறைவு. மேட்டில் மூச்சு வாங்கியது. லேடாங் மலை பாதி நேரம் மேகத்துக்குள் ஒளிந்துகொண்டது. நியாலாஸ் தாண்டி ஓரிடத்தில் சாலையின் இருபுறமும் பால் மரங்கள். காற்று அசையும் போதெல்லாம் சிவந்த இலைகள் தாரில் சரசரத்து ஓடின. வண்டியை நிறுத்தி ஒரு பிடி இலையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஒட்டுக்கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசிக் கடை, மரமும் இல்லை. நிற்காமல் மிதித்தேன். பள்ளி வாசலில், பூட்டிய கதவுக்கு நேர் முன்னால், குடையை விரித்தபடி அப்பா நின்றிருந்தார். இன்னொரு கையில் தண்ணீர்ப் புட்டி.

“பதினோரு மணின்னு சொன்ன,” என்றார், கைக்கடிகாரத்தைப் பார்த்து. “இருபது நிமிஷம் லேட்டு.”