வினை என்கிறார்கள்!

நோய் வந்தபோது ஊரார் அழுதனர். நோய் போனபின் ஆராயத் தொடங்கினர். எந்தப் பிறவியில் செய்த தீவினை? எந்தக் கோயிலுக்குச் செலுத்தத் தவறிய நேர்த்திக்கடன்? 24 வயதுப் பெண்ணுக்குப் புற்றுநோய் என்றால் ஏதோ காரணம் இல்லாமலா என்று கேட்ட அம்மையார்களின் குரலில் கொடுமை இல்லை, இரக்கமே இருந்தது. அந்த இரக்கம்தான் என்னைச் சுட்டது!

எனக்கு வந்தது ஹாட்ஜ்கின் நோய். கழுத்திலே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி, வலியே இல்லை. நிணநீர்க் கணுக்களைப் பற்றும் இந்நோயை 1832-இல் விவரித்தவர் தாமஸ் ஹாட்ஜ்கின் என்னும் ஆங்கில மருத்துவர். முதியோரை மட்டுமன்று, இளைஞரையும் தேடிவரும் நோய். வந்தால் மாள்வதே முடிவு என்றிருந்த காலம் மாறி, இன்று பெரும்பாலோர் குணமடைகின்றனர். மாற்றியது யார்? மண்சோறா? மண்டலாபிஷேகமா?

எனக்கு ஏற்றிய 4 மருந்துகளில் ஒன்று வின்பிளாஸ்டின். நம் வேலியோரத்தில் ஊதாவும் வெள்ளையுமாய்ப் பூத்து நிற்கும் செடியிலிருந்து பிறந்தது அது. நீரிழிவுக்கு அச்செடி ஆகுமா என்று பார்க்கப்போன கனடா நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இராபர்ட் நோபிள், சார்லஸ் பியர் இருவரும், அதன் சாறு குருதியின் வெள்ளணுக்களைக் குறைப்பதைக் கண்டனர். தேடியது கிடைக்கவில்லையே என்று தலையில் கைவைத்து அமரவில்லை. ஏன் குறைகிறது என்று கேட்டனர். 1958-இல் மருந்து வெளிப்பட்டது. அவர்களும் ‘ஏன்’ என்றனர், என் ஊராரும் ‘ஏன்’ என்றனர். ஒரு கேள்வி உயிரைத் தந்தது. மற்றது உயிர் பெற்றவளின் உறக்கத்தைக் கெடுத்தது! அச்செடிக்கு நித்தியகல்யாணி என்று ஒரு பெயர். சுடுகாட்டு மல்லி என்றும் ஒரு பெயர். எனக்கும் அப்படித்தான், தோழர்களே, இரண்டாவது பெயர் சூட்டப்பார்த்தனர்.

6 திங்கள், 12 முறை மருந்து. முடிந்த நாளில் எல்லோரும் வாழ்த்தினர். என் துயரம் அன்றுதான் தலைதூக்கியது என்றால் நம்புவீர்களா? மருத்துவமனைக்குச் சென்ற நாட்களில் எனக்கொரு வேலை இருந்தது - கையை நீட்டுவது, செந்நிற மருந்து இறங்குவதைப் பார்த்திருப்பது, வாந்தியெடுப்பது, மறுநாள் எழுவது. முடிந்தபின் என்ன வேலை? அடுத்த சோதனைவரை காத்திருப்பது! இரவிலே விரல் தானாகக் கழுத்தை நாடும். கட்டியா, எலும்பா, கற்பனையா? விடியும்வரை விசாரணை! உதிர்ந்த கூந்தல் வளர்ந்தது. உடன் படித்தவள் கைக்குழந்தையோடு வந்து பார்த்துச் சென்றாள். நானோ 12 படி ஏறி, மூச்சுவாங்கி, சுவரைப் பிடித்து நின்றேன். பழைய அலுவலகமும் ‘நன்றாக ஓய்வெடுங்கள்’ என்று அன்பொழுகச் சொல்லி வழியனுப்பிவிட்டது.

மருத்துவரிடம் இதையும் கேட்டேன். சோர்வு பல திங்கள் நீடிக்கும், சிலருக்கு ஆண்டுக்கணக்கிலும் நீடிக்கும், நாள்தோறும் நடந்து பழகு என்றார். அச்சத்தை அடக்கிவைக்காமல் பேசு என்று மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். வீட்டிலே கலக்கம்! ‘பைத்தியமா பிடித்தது?’ என்றார் அத்தை. வேப்பிலை அடிக்க ஆள் தேடியவர், வாய்விட்டுப் பேச ஆள் தேடியதைப் பொறுக்கவில்லை. ஆயினும் சென்றேன். அச்சம் அறவே அகன்றதா? இல்லை. சோதனைக்கு முந்திய வாரம் மட்டும் வந்துபோகும் விருந்தாளியாக அது சுருங்கியது. அந்த வாரத்தில் நான் புதுவேலையில் மும்முரமாயிருப்பேன். ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன்.

பிறகு திருமணப் பேச்சு. என் பெற்றோர் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர்கள். 1967-இல் அண்ணாவின் ஆட்சி சட்ட ஏற்பளித்த அந்த முறையில், மாலை மாற்றி மணந்தவர்கள். அந்த வீட்டிலேயே அம்மா சொன்னார், ‘நோயைப் பற்றி வாய் திறக்காதே!’ ஐயரை வாசலில் நிறுத்திவிட்டோம். அச்சம் கொல்லைப்புறமாக வந்து அடுக்களையில் அமர்ந்திருந்தது. தொற்றுநோய் அன்று, எனக்களித்த மருத்துவமுறை பெரும்பாலான பெண்களின் தாய்மையைப் பறிப்பதுமில்லை. இதை மருத்துவரே விளக்கிய பிறகும் அம்மாவின் குரல் தாழ்ந்தே இருந்தது.

அம்மாவுக்கு இருவரை நினைவூட்டினேன். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், வினை என்று விம்மிக் கிடக்கவில்லை. 1954-இல் 12 படுக்கைகளோடு அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். பொட்டுக்கட்டும் கொடுமையையும் ‘தெய்வக் கட்டளை’ என்றுதானே சொன்னார்கள்? 1947-இல் சட்டம் அதை ஒழிக்கும்வரை ஓயாது போராடியவர் அவர். மற்றவர் அண்ணா. 1968-இல் நியூயார்க் சென்று மருத்துவம் பெற்றுத் திரும்பி, 1969 பிப்ரவரி 3-ஆம் நாள், 59-ஆம் வயதில் இதே புற்றுநோய்க்கு நம்மைப் பறிகொடுக்கச் செய்தவர். அவர் என்ன பாவம் செய்தார், சொல்லுங்கள் அம்மா என்றேன். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். வென்றுவிட்ட மகிழ்ச்சி எனக்கு ஏற்படவில்லை. அவர் அழுதது அண்ணாவுக்காக அன்று.

மணமகன் தேவை விளம்பரத்தை நானே எழுதினேன். வயது, படிப்பு, வேலை, அடுத்த வரியில், ‘ஹாட்ஜ்கின் நோய் கண்டு குணமடைந்தவள், சாதி, சாதகம் வேண்டா.’ 4 நாள் அம்மா என்னோடு பேசவில்லை. 5-ஆம் நாள் அந்தத் தாளை வாங்கி, ‘குணமடைந்தவள்’ என்பதற்கு முன்னே ‘முற்றிலும்’ என்று தம் கையால் சேர்த்து அப்பாவிடம் கொடுத்தார். மருத்துவர் அச்சொல்லை இப்போதே எழுதமாட்டார். மெய்ப்புத் திருத்துபவள் நான், இருந்தும் அதை அடிக்கவில்லை.

3 கடிதங்கள் வந்திருக்கின்றன. இரண்டில் சாதகம் கேட்டிருக்கிறார்கள். மூன்றாமவர், சோதனைகள் எத்தனை திங்களுக்கு ஒருமுறை, உடன்வரலாமா என்று கேட்டிருக்கிறார். அச்சகத்தில் வேலை நிரந்தரமாகட்டும், பிறகு பதில் எழுதலாம் என்றிருக்கிறேன். அம்மாதான் நாளுக்கு இருமுறை அஞ்சல்தலை இருக்கிறதா என்று கேட்கிறார்.