கணக்கெழுதும் தெய்வம்

சித்திரைத் திங்களின் முழுநிலவு நாளில், ஆண்டின் வேறெந்த நாளிலும் படிக்கப்படாத கதையொன்று தென்மராட்சிக் கோயில்களிற் படிக்கப்படும். சாவகச்சேரி, மீசாலை, மட்டுவில், சரசாலை, நுணாவில் எனப் பலாவும் மாவும் தென்னையும் செறிந்த ஊர்களில் அன்று கோயில் மண்டபங்களிற் பாய் விரிக்கப்படும். குரல்வளம் வாய்ந்த ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார்; அருகிருக்கும் மற்றொருவர் பயன் சொல்லுவார். வெளிவீதியிலே கிடாரத்தில் கஞ்சி கொதித்துக்கொண்டிருக்கும். வீடுதோறும் சேர்த்த அரிசியும் தேங்காயுமே அந்தச் சித்திரைக் கஞ்சியாகின்றன. கேட்டிருப்போரிற் பெரும்பாலோர் தாயை இழந்தவர்கள். யாழ்ப்பாணத்துச் சைவ மரபில் ஆடி அமாவாசை தந்தைக்குரியது. சித்திரா பௌர்ணமி தாய்க்குரியது. தாயை இழந்த பிள்ளைகள் அன்று ஒருபொழுது உண்டு விரதங்காத்து, மாலையிற் கோயிலுக்கு வந்து சித்திரபுத்திரனார் கதை கேட்பர்.

இறப்பின் தெய்வம் எதுவெனச் சிறுவரைக் கேட்டாலும் யமன் என்றே விடை வரும். எருமை ஊர்தியும் பாசக்கயிறும் உடைய அவனைக் கூற்றுவன், காலன், மறலி, தருமன் எனத் தமிழ் பல பெயரிட்டு அழைத்தது. புலவர் அவனை வைதனர். பக்தர் அவனை உதைத்த திருவடியைப் பாடினர். அவனுக்குப் பின்னால், எழுத்தாணியும் ஏடும் ஏந்தி, ஓசையின்றி அமர்ந்திருப்பவரைப் பற்றிப் பேசியோர் சிலரே. சித்திரகுப்தர் எனவும் சித்திரபுத்திரனார் எனவும் வழங்கும் அவருக்கென எழுந்த தனிக்கோயில்கள் மிகச் சில. காஞ்சிபுரத்திலுள்ள கோயில் அவற்றுட் பெயர்பெற்றது.

அவருடைய பிறப்பைப் பற்றி வழங்கும் கதை சுவையானது. உயிர்களின் நல்வினை தீவினைகளை எழுதிவைக்க ஒருவர் வேண்டுமென்று கருதிய சிவபெருமான் பொற்பலகையொன்றில் ஓர் உருவத்தைத் தீட்டினார், அச்சித்திரம் உயிர்பெற்றது. சித்திரத்திற் பிறந்த புத்திரன் சித்திரபுத்திரன். பின்னர்ப் பிள்ளையில்லா இந்திரனுக்கும் இந்திராணிக்கும் மகவாகும்பொருட்டுக் காமதேனுவின் வயிற்றில் அவர் பிறந்தார் என்பது கதையின் மறுபாதி. பசுவைத் தாயாகக் கொண்டவர் ஆதலால், அவருக்கு நோன்பு நோற்போர் பசுவின் பாலையும் தயிரையும் நெய்யையும் விலக்கும் வழக்கமும் உண்டு. தாயை நினைந்து நோற்கும் நாளில், தெய்வத்தின் தாய்க்குரியதையும் தொடாதிருப்பது பொருத்தமுடைய மரியாதையே எனலாம்.

இறந்தோர்க்குக் கணக்கெழுதும் தெய்வம் தமிழர்க்கு மாத்திரம் உரியதன்று. மரணத்தைப் பற்றிப் பண்டைய எகிப்தியரைப்போல் விரிவாக எண்ணிய மக்கள் வேறெவரும் இருந்தனரோ என்பது ஐயமே. ஒசிரிசும் அனுபிசும் உலகறிந்த பெயர்கள். அவர்களைச் சூழ்ந்து நின்ற சிறுதெய்வங்களின் கூட்டம் பலர் அறியாதது. இறந்தவனின் உடலைப் பதப்படுத்துங்கால் அகற்றப்பட்ட உள்ளுறுப்புகளுக்கெனவே நான்கு காவற்றெய்வங்கள் இருந்தன. ஈரலை இம்செத்தியும், நுரையீரலை ஹாப்பியும், இரைப்பையைத் துவாமுத்தெபும், குடலைக் கெபெசெனுவெபும் காத்தனர். மறுமையின் நீரைக் கடத்துவதற்கு ஓர் ஓடக்காரன் இருந்தான். பின்னோக்கிய முகத்தினன் என்பது அவனுடைய பெயரின் பொருள். தீபிசு நகரின் மேற்குக் கரையில், அரசர்களின் கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர் மெரெட்செகெர் என்னும் நாகதேவியை வணங்கினர். மௌனத்தை விரும்புபவள் என்று அப்பெயருக்குப் பொருள் கூறுவர். கல்லறைகளுக்கு மேலே நின்ற மலைச்சிகரமே அவளுடைய இருப்பிடம். பேரரசர்க்குப் பெருந்தெய்வங்களும் கூலியாட்களுக்குக் குன்றத்துத் தேவியும் என்ற இந்தப் பிரிவு, பெருங்கோயில் இருக்கவும் வேப்பமரத்தடி வைரவருக்குப் பொங்கும் ஊர்களுக்குப் புதியதன்று.

எகிப்தியரின் தீர்ப்பு மண்டபத்தை இறந்தோர் நூல் எனப்படும் சுவடிகளின் ஓவியங்கள் காட்டுகின்றன. கி.மு. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆனி என்பவரின் சுவடி அவற்றுட் புகழ்பெற்றது. இன்று பிரித்தானிய நூதனசாலையில் உள்ளது. தராசின் ஒரு தட்டில் இறந்தவனின் இதயம். மறுதட்டில் வாய்மையின் தேவியாகிய மாஅத்தின் இறகு. முதலைத் தலையும் சிங்கத்தின் முன்னுடலும் நீர்யானையின் பின்னுடலும் கொண்ட அம்மித் அருகிற் காத்திருக்கிறாள். இதயம் நிறைபிழைத்தால் அதனை விழுங்குவது அவளுடைய தொழில். தராசின் பக்கத்திலே, அரிவாள்மூக்கன் என்னும் நீர்ப்பறவையின் தலையோடும் கையில் எழுதுகோலோடும் தோத் என்னும் தெய்வம் நின்று முடிவை எழுதுகிறது. சுவடிக்குரிய ஆனியும் வாழ்நாளிற் கோயிற் காணிக்கைகளுக்குக் கணக்கெழுதியவரே. ஒரு கணக்கரின் வாழ்வை இன்னொரு கணக்கர் எழுதும் காட்சி அது.

தோத்தும் சித்திரபுத்திரனாரும் ஒரு தொழிலினர். ஆயினும் அவர்கள் பணிபுரியும் மன்றங்கள் வேறுபட்டவை. எகிப்திய மன்றத்தில் இறந்தவனே வாய் திறக்க வேண்டும். நாற்பத்திரண்டு தெய்வங்களின் முன்னே, ஒவ்வொன்றையும் பெயர்சொல்லி விளித்து, களவு செய்திலேன், கொலை செய்திலேன், நிறுவையிற் குறைத்திலேன் என அவன் மறுத்துரைக்க வேண்டும். தமிழர் கற்பனை செய்த மன்றத்தில் இறந்தவன் பேசுவதில்லை, ஏடு பேசுகிறது. சித்திரபுத்திரனார் கதையில் வரும் அமராவதி அறங்கள் பல செய்தவள். எனினும் இந்நோன்பை அவள் நோற்றாளல்லள் என்பது யமபுரத்தில் வெளிப்படுகிறது. மீண்டும் உலகுக்கு வந்து அதனை நோற்ற பின்னரே அவளுடைய கணக்கு நிறைவு பெறுகிறது. நல்லவளாக வாழ்ந்தவளும் கணக்கரை மறக்கலாகாது என்று மேலெழுந்தவாரியாக அதற்குப் பொருள் கொள்ளலாம். ஊர்ப்பெண்கள் அக்கதையை உட்கொண்ட விதம் வேறு. இறந்தவர்களின் கணக்கு இறப்போடு மூடப்படுவதில்லை. இருக்கும் பிள்ளைகள் அதில் இன்னும் ஒரு வரி சேர்க்கலாம் என்ற நம்பிக்கையினாலேயே தாய்க்காகப் பிள்ளை பட்டினி கிடக்கிறது.

எகிப்தியரும் இவ்வுண்மையை அறியாதவரல்லர். மூத்த மகனே தந்தைக்குச் சடங்காற்ற வேண்டுமென்பது அவர்களுடைய விதி. கல்லறைகளின் வாயிலில், அவ்வழியே செல்வோரை விளித்துத் தம் பெயரைச் சொல்லிச் செல்லுமாறு இறந்தோர் வேண்டும் வாசகங்கள் பொறிக்கப்பட்டன. பெயர் சொல்லப்படும்வரை இறந்தவன் வாழ்கிறான் என அவர்கள் நம்பினர். ஆதலாலேயே பகைகொண்ட அரசர், முன்னோரின் பெயர்களைக் கல்லிலிருந்து செதுக்கி நீக்கினர். அது இரண்டாவது முறை கொல்வதற்கு ஒப்பானது.

பழந்தமிழரின் நடுகல்லும் பெயரின் காவலே. கல்லைத் தேர்தல், கொணர்தல், நீராட்டுதல், நடுதல், படையலிடுதல், வாழ்த்துதல் என்ற முறையைத் தொல்காப்பியம் காட்சி முதலாக வாழ்த்து ஈறாக வகுத்துரைக்கின்றது. வீழ்ந்த வீரனின் பெயரும் சிறப்பும் அக்கல்லிற் பொறிக்கப்பட்டன. கல் நடும் வழக்கம் ஒழிந்தாலும் அதன் பெயர் யாழ்ப்பாணத்தில் ஒழியவில்லை. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நிகழும்போது, வந்தோர்க்கு வழங்கப்படும் அச்சுநூலுக்குக் கல்வெட்டு என்று பெயர். மரபும் வரலாறும், மனைவி மக்கள் புலம்பும் செய்யுள்களும் அதில் அடங்கும். யாவற்றினும் முதன்மையாக, ஆண்டும் திங்களும் பக்கமும் திதியும் சுட்டும் வெண்பாவொன்று அதில் இடம்பெறும். புலமையுடையார் இலக்கணப் பிழையின்றி அதனை இயற்றித் தருவர். இலக்கிய வரலாறு இவ்வெண்பாக்களைப் பெரிதாக எண்ணியதில்லை. ஆயினும் எந்நாளில் விளக்கேற்றுவது, எந்நாளில் பிதிர்க்கடன் செய்வது என்பதைப் பேரப்பிள்ளைகள் அறிவது அந்நான்கு அடிகளாலேயே. சித்திரபுத்திரனார் மேலுலகில் எழுதுவதை, ஊர்ப்புலவர் கீழே நான்கு அடியில் எழுதி வைக்கிறார்.

திதி தெரியாவிடின் என்ன செய்வது என்ற வினாவைத் தென்மராட்சியின் அண்மைக்கால வரலாறு எழுப்பிற்று. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து இலட்சக்கணக்கிற் சாவகச்சேரிப் பக்கம் வந்தனர். 2000ஆம் ஆண்டுப் போரிலே சாவகச்சேரி நகரமே சிதைந்தது. அடைக்கலம் தந்த ஊரார் அடைக்கலம் தேடி அகன்றனர். இடையிலே, 1996இல் நாவற்குழிப் பகுதியிற் கொண்டுசெல்லப்பட்ட இளைஞர்கள் திரும்பவில்லை. அவர்களுட் சிலருக்காக ஏறத்தாழ இருபத்தோர் ஆண்டுகள் கழித்து, 2017இல், யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுக்கள் தாக்கல் செய்யப்பட்டன.

உடல் கிடைக்காதவர்க்குச் சாத்திரம் வழி கூறாமல் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்து, தர்ப்பையால் உருவமைத்து, அதனை எரியூட்டிக் கடன் கழிக்கலாம். இறந்த நாள் அறியப்படாதவர்க்கு அமாவாசையைத் திதியாகக் கொள்ளலாம். அரசும் தன் பங்கிற்கு வழி கூறிற்று: 2016ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்தின்படி, இறப்புச் சான்றிதழ் பெற விரும்பாதவர், காணாமற்போனவர் என்பதற்குரிய சான்றிதழைப் பெறலாம். சாத்திரமும் சட்டமும் ஏட்டில் ஓர் இடத்தை ஒதுக்கியிருக்கின்றன. அந்த இடத்தில் எதை எழுதுவது என்பதைத் தீர்மானிக்கும் சுமை தாயின் தலையில் விழுகின்றது. தர்ப்பைக்குத் தீ வைத்தால் மகனின் இறப்பைத் தன் கையால் எழுதியவள் ஆவாள். வைக்காவிடின், அவன் இறந்திருப்பானாயின், அவனைப் பசியோடு அலையவிட்டவள் ஆவாள். எகிப்தியரின் தராசில் ஓர் இதயமே நிறுக்கப்பட்டது. இவளுடைய தராசில் இரண்டு தட்டுகளிலும் ஒரே மகன் இருக்கின்றான்.

சித்திரா பௌர்ணமி மாலையில், கோயில் மண்டபத்தின் தூணோரமாகச் சாய்ந்திருக்கும் முதிய பெண்களுள் இத்தகையோரும் உளர். அவர்கள் அன்று நோற்பது தங்கள் தாய்மாருக்காக. அதில் ஐயத்திற்கு இடமில்லை. அந்தத் தாய்மாருக்குத் திதி உண்டு, கல்வெட்டு உண்டு, அந்தியேட்டி செய்த பிள்ளைகள் உண்டு. ஆனால் இந்நோன்பு தலைமுறை தோறும் கைமாறிச் செல்வது. இன்று தன் தாய்க்காக நோற்பவள், நாளை தனக்காக ஒருவன் நோற்பான் என்ற உறுதியிலே நோற்கிறாள். அந்த ஒருவன் எங்கே என்பதை அவளுக்கு எவரும் இதுவரை சொல்லவில்லை. இறந்த மகனுக்காகத் தாய் அழலாம். தனக்காக நோற்க வேண்டியவன் இருக்கின்றானா என்பதே தெரியாதவள் எதற்காக அழுவது? ஒரு மகன் மறைந்தபோது, அவனோடு அவனுடைய தாயின் மறுமையும் சேர்ந்தே மறைந்தது.

இதனால் அவர்கள் சித்திரபுத்திரனாரைக் கேட்க வருவதில் வியப்பில்லை. யமனிடத்திற் கேட்பதற்கு அவர்களிடம் எதுவும் இல்லை. அவன் கவர்ந்து செல்பவன். அலுவலகங்களிற் கொடுத்த மனுக்களின் படிகள் மடிப்பில் கிழிந்து போயின. எவர் மறைத்தாலும் எவர் மறந்தாலும் எழுதுவதை நிறுத்தாத ஒரு கணக்கர் உண்டு. அவருடைய ஏட்டில் அந்த மகனின் பெயருக்கு எதிரே நாளும் இடமும் நிகழ்ந்ததும் செய்தவரின் பெயரும் இருக்கும் என்பதே அக்கதையில் அவர்களுக்கு எஞ்சியிருக்கும் பயன். அறிஞர் இதனை வெறும் நம்பிக்கை எனலாம். எழுதப்படாத இறப்புகளைக் கொண்ட ஒரு மண்ணில், எழுதும் தெய்வமொன்றை மக்கள் விடாது பற்றியிருப்பதன் காரணம் ஆராயத்தக்கதே.

வாசிப்பு முடியும்போது நிலவு பனைகளுக்கு மேலே வந்திருக்கும். கஞ்சி பகிரப்படும். பயன் சொன்னவர் கண்ணாடியைக் கழற்றி, ஏட்டைப் பட்டுத்துணியிற் சுற்றி, அடுத்த சித்திரை வரைக்கும் வைப்பதற்காக உள்ளே கொண்டு செல்வார். தூணோரத்துத் தாய் எழுந்து போவதற்கு முன் அத்துணியின் முடிச்சையே சிறிது நேரம் பார்த்திருப்பாள்.