ஆப் இல்லாமல் பாடுமா?

பல்லாவரத்தில் ஒரு புளூடூத் ஸ்பீக்கரைச் சோதித்துப் பார்ப்பது சுலபம். மீனம்பாக்கம் ஓடுபாதை பக்கத்திலேயே இருக்கிறது. விமானம் இறங்கும் நேரத்தில் மொட்டை மாடியில் வைத்துப் பாட விடுங்கள். அந்த இரைச்சலிலும் பாடகரின் வார்த்தை புரிந்தால் நல்ல ஸ்பீக்கர். 'தும் தும்' மட்டும் கேட்டால் காசு தண்டம்.

இங்கே ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவருக்கு மகள் வாங்கித் தந்த ஸ்பீக்கர், விமானச் சோதனையில் பாஸ். படுத்தியது ஆப்தான். அந்த மாடலில் எஃப்.எம். ஸ்டேஷன் மாற்றக்கூட ஆப்பைத் திறக்க வேண்டும். கணக்குத் தொடங்கு, ஓடிபி போடு, லொகேஷன் கொடு என்று வரிசையாகக் கேட்டது. மகள் எல்லாவற்றுக்கும் 'சரி' கொடுத்துவிட்டு ஊருக்குப் போனார். அடுத்த வாரமே ஆப் அப்டேட் ஆகி, மறுபடியும் லாகின் கேட்டது. கண்புரை ஆபரேஷன் ஆன கண்ணுக்கு அந்தப் பொடி எழுத்து தெரியவில்லை. மனைவி போன பிறகு அந்த வீட்டில் கேட்கிற ஒரே குரல் ரேடியோதான். நான்கு நாள் அதுவும் இல்லை. மகளிடம் சொல்லவும் இல்லை. "பாவம், வேலைக்குப் போற பொண்ணு. இதுக்கெல்லாம் போன் பண்ணுவாங்களா?" என்றார்.

லொகேஷன் கேட்பதில் எப்போதும் வில்லங்கம் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆண்ட்ராய்டு 11 வரைக்கும், பக்கத்தில் உள்ள புளூடூத் கருவியைத் தேட ஆப்புக்கு அந்த அனுமதி தேவைப்பட்டது. 12-இல் இருந்து அதற்குத் தனி அனுமதி வந்துவிட்டது. ஆனால், பாட்டுப் பெட்டிக்கு உங்கள் கான்டாக்ட்ஸ் எதற்கு? கேட்டால் மறுத்துவிடுங்கள். போனின் புளூடூத் செட்டிங்ஸிலேயே இணைத்துவிட்டால் பெரும்பாலான ஸ்பீக்கர்கள் ஆப் இல்லாமலே பாடும். ஈக்வலைசர், மென்பொருள் அப்டேட் போன்றவற்றுக்குத்தான் ஆப் வேண்டும்.

2017-இல் வந்த சரிகம கார்வான் இந்த இடத்தில்தான் கெட்டிக்காரத்தனம் காட்டியது. பழைய எச்.எம்.வி. கம்பெனியின் பெட்டி அது. 5,000 பாட்டு உள்ளேயே இருக்கும். இன்டர்நெட் வேண்டாம், குமிழைத் திருகினால் போதும். தமிழுக்கும் தனிப் பதிப்பு வந்தது. அந்தக் கம்பெனியிடம் உரிமை உள்ள பாட்டுகள்தான் இருக்கும் என்பது ஒரு குறை. வேறு பாட்டு வேண்டும் என்றால் பென்டிரைவ் செருகலாம், புளூடூத்திலும் கேட்கலாம். வைஃபையும் ஆப்பும் பின்னால் வந்த மாடல்களில்தான் சேர்ந்தன.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய ரேடியோ விற்பவர்கூட ஓடிபி கேட்பதில்லை. பெட்டியைத் தட்டி, பாட வைத்துக் காட்டுகிறார்.

அப்பா, அம்மாவுக்கு ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு, 101.4 ரெயின்போவை வரவழைக்கச் சொல்லுங்கள். விற்பனையாளர் தன் போனை எடுத்தால், அடுத்த மாடலைக் கேளுங்கள்.