பர்மா தனியா

சித்திரையின் பிற்பகுதியும் வைகாசியின் முதல் சில நாள்களும் அந்தமானில் வீட்டுத்தோட்டத்திற்கு மிக இனிய காலம். மிகக் கடினமான காலமும் அதுவே. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் தீவுகள் அவை. ஆயினும் தை பிறந்தபின் வானம் மூடிக்கொள்கிறது. போர்ட் பிளேரில் (2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது, கடைத்தெருவில் பழைய பெயர்தான் இன்னும் புழங்குகிறது) ஏப்ரல் வந்துவிட்டால் குழாய்நீர் நாள்தோறும் வராது. நகரம் பெரிதும் நம்பியிருக்கும் தனிக்காரி அணையின் நீர்மட்டம் அப்போது வீட்டுக்கு வீடு பேசுபொருளாகிவிடும்.

அத்தகைய ஒரு மாதத்தில் அரசுக் குடியிருப்பு ஒன்றின் பின்புறத்தில் வெண்டை காய்த்திருக்கிறது. பாகற்கொடி பந்தலேறியிருக்கிறது. வேலியோரம் செம்பருத்தியும் கனகாம்பரமும், சமையலறைச் சன்னலருகே குண்டுமல்லியும் பூத்திருக்கின்றன. இவை அனைத்தும் வாழ்வது அரிசி களைந்த நீரிலும் பாத்திரம் அலசிய நீரிலும்தான். தென்னை மட்டையையும் நாரையும் செடியின் அடியில் பரப்பி, மாலை மங்கிய பின்னரே அந்த அம்மாள் நீர் ஊற்றுவார். களைந்த நீருக்குக் ‘கழுநீர்’ என்ற பழஞ்சொல் அவர் வாயில் இயல்பாக வருகிறது. திருநெல்வேலிப் பக்கத்தில் பிறந்து, மணமாகிக் கப்பலேறி வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அச்சொல் தேயவில்லை. கணவரும் பிள்ளைகளும் தெருவில் இந்துஸ்தானி பேசித் திரும்புகிறவர்கள். தோட்டத்தில் மட்டும் தமிழ் முழுமையாக இருக்கிறது.

முழுமையாக என்பது சற்று மிகை. அத்தோட்டத்திலேயே மணம் மிகுந்த செடிக்குத் தமிழ்ப்பெயர் இல்லை. இரம்பப்பல் விளிம்புள்ள நீண்ட இலைகளைத் தரையோடு விரித்து, நிழலில் வளரும் அதற்குத் தீவில் ‘பர்மா தனியா’ என்று பெயர். கொத்தமல்லி அந்த ஈரக்காற்றில் எளிதில் அழுகிவிடுகிறது. இதுவோ தழைக்கிறது, கொதிக்கும் குழம்பிலும் மணத்தை இழப்பதில்லை. பெயர் பர்மாவைச் சுட்டினாலும் செடியின் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. மிளகாயும் தக்காளியும் புறப்பட்ட அதே கண்டம்தான். தாவரத்தின் பெயர் பெரும்பாலும் அதன் பிறப்பிடத்தைச் சொல்வதில்லை. அதைக் கடைசியாகக் கையளித்தவரையே சொல்கிறது. அந்தமானில் பர்மியத் தடம் ஆழமானது. தண்டனைக் குடியேற்றக் காலத்தில் பர்மாவிலிருந்து கைதிகள் வந்தனர். 1925இல் மாயாபந்தருக்கு அருகே வெபியில் கரேன் மக்கள் குடியேறினர். கூரை வேயும் ஓலைக்கு வழங்கும் ‘தானி’, மரங்களுக்கு வழங்கும் ‘படாக்’, ‘பின்மா’ ஆகியவை எல்லாம் பர்மியச் சொற்களே. அவற்றுள் படாக் தீவுகளின் மாநில மரம். பர்மாவில் அம்மக்களின் புத்தாண்டையொட்டி, அதாவது நம் சித்திரைப் பிறப்பையொட்டி, மஞ்சளாய்ப் பூப்பது அதன் இனமான இன்னொரு மரம்.

அடுத்த வீட்டார் வங்காளிகள். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகளாக வந்து குடியமர்த்தப்பட்ட குடும்பம். வேலியின் மேல் ஏறிய பசலை யாருடையது என்ற வழக்கு இதுவரை எழுந்ததில்லை. அவர்களுக்கு அது ‘புயி’. இறால் சேர்த்துச் சமைப்பார்கள். இவர்களுக்குப் பருப்புக் கூட்டு. அம்மாள் அந்தப் பெண்ணைத் ‘தீதி’ என்பார், அவளோ இவரை ‘அக்கா’ என்பாள். இருவர் சொல்வதும் மூத்தவள் என்றுதான். யார் மூத்தவர் என்பது இன்றுவரை தீரவில்லை.

மல்லிகையை எண்ணித்தான் பறிக்க வேண்டும். வெளியூர்ப் பூ தீவுக்குக் கடல் கடந்து வரவேண்டியிருப்பதால் கடையில் விலை கூடுதல். வெற்றிமலை முருகன் கோயிலுக்குப் பங்குனி உத்திரத்தன்று வீட்டுச்சரம் கொண்டுசெல்வதில் அம்மாளுக்கு இருக்கும் பெருமிதத்தைப் பக்தி என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

இக்காலத்தின் இனிமைக்கு வெளியார் அறியாத காரணம் ஒன்றுண்டு. ஆப்பிரிக்கப் பெருநத்தை அப்போது உறங்குகிறது. 1942 முதல் 1945 வரை தீவுகளைப் பிடித்திருந்த ஜப்பானியர் அதை உணவுக்காகக் கொண்டுவந்தனர் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் செய்தி. கோடையில் அது ஓட்டின் வாயைப் படலத்தால் அடைத்துக்கொண்டு மண்ணிலும் கல்லிடுக்கிலும் கிடக்கும். முதல் மழை நனைத்ததும் எழுந்து ஓரிரவில் நாற்றங்காலைத் தீர்த்துவிடும். ஆகவே தண்ணீர் இருந்தால் நத்தை, நத்தை இல்லாதபோது தண்ணீரில்லை. தோட்டக்காரருக்குத் தோட்டம் முழுதும் சொந்தமாயிருப்பது இந்த வறண்ட வாரங்களில் மட்டுமே.

அதிலும் இவ்வாண்டு ஒரு கெடு இருந்தது. கணவருக்கு மே 31ஆம் நாள் பணி ஓய்வு. வீட்டை ஒப்படைத்துவிட்டுச் சென்னைப் புறநகரில் மூன்றாம் மாடிக்குப் போகவேண்டும். ஆனியில் கப்பல். இருந்தும் சித்திரைக் கடைசியில் அம்மாள் புடலை விதைத்தார். ஆடிக்கு முன் அது காய்க்காது.

“யாருக்காக விதைக்கிறீர்கள், அக்கா?” என்று தீதி கேட்டாள்.

“இந்த ஈரத்தில் விதை அடுத்த வருஷம் முளைக்காது, தீதி. வைத்திருந்து என்ன செய்வது?”

தீதி மேலும் கேட்கவில்லை. தன் வீட்டிலிருந்து இரண்டு மூங்கிலை எடுத்துவந்து பந்தலுக்கு ஊன்றிக் கொடுத்தாள். பர்மா தனியாவின் பக்கக் கன்றுகளைப் பெயர்த்து அவளிடம் தந்தாயிற்று. காய்ந்த பூந்தலைகள் சில மட்டும் காகிதத்தில் மடிக்கப்பட்டுப் பெட்டிக்குள் போயின. சென்னையில் அதைக் கேட்டால் கடைக்காரர் கொத்தமல்லிக் கட்டைத்தான் நீட்டுவார்.

மே மூன்றாம் வாரத்தில் மழை வந்தது. கனகாம்பரத்தின் காய்ந்த கதிர்கள் ஈரம் பட்டதும் படபடவென வெடித்து விதை தெறித்தன. புடலை இரண்டிலை விட்டிருந்தது. அன்றிரவு பாதி கட்டிய மூட்டைகளைத் தாண்டி அம்மாள் டார்ச்சும் உப்புநீர் வாளியுமாகப் பின்வாசலில் இறங்கினார். வேலிக்கு அப்பாலும் ஒரு டார்ச் அசைந்துகொண்டிருந்தது.