குளிசையும் கீரையும்

அகதிகளாக நாம் ஜேர்மனிக்கு வந்த காலத்தில் எமது மேசையில் கீரை இருக்கவில்லை. 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் பல விடுதிகளில் பணத்துக்குப் பதிலாக உணவுப் பொதிகளே வழங்கப்பட்டன. எமது விடுதியிலும் அவ்வாறே. பாணும் தகரத்தில் அடைத்த உணவும் உண்டு சலித்த நாம், உடல் பழுதடைந்துவிடுமோ என அஞ்சினோம். கையிலிருந்த சில்லறைக்கு ஏ, சி, ஈ என்னும் மூன்று விற்றமின்களும் அடங்கிய கரையும் குளிசைகளை வாங்கினோம். அந்நாட்களில் இம்மூன்று எழுத்துகளும் பழச்சாற்றுப் போத்தல்களிலும் பொறிக்கப்பட்டிருந்தன.

இவற்றை ஒட்சியேற்ற எதிரிகள் என்பர். வெட்டிய வாழைக்காய் காற்றுப்பட்டுக் கறுப்பதும், தேசிக்காய்ப் புளி பட்டால் அது தாமதிப்பதும் எம் அன்னையர் அறிந்ததே. உடலினுள்ளும் ஒட்சிசனால் இத்தகைய சிதைவு நிகழ்கிறது; அதனைத் தடுக்கும் பொருட்கள் மரக்கறிகளிலும் பழங்களிலும் உள்ளன. அப்படியாயின் அவற்றைக் குளிசையாக விழுங்கினால் என்ன என்பதே அக்கால நம்பிக்கை.

எம்முடன் ஒரே அறையில் வாழ்ந்த அண்ணர் ஒருவர் இரவு முழுவதும் உணவகமொன்றில் கோப்பை கழுவுவார். நாளொன்றுக்கு ஒரு பெட்டி சிகரட் புகைப்பார். “விடுங்கோ அண்ணை” என்றால், குளிசைப் போத்தலைக் காட்டி, “இது இருக்க எனக்கென்ன பயம் தம்பி?” என்று சிரிப்பார். நாமும் சிரித்தோம்.

அண்ணரின் நம்பிக்கைக்கு மாறான விடை 1994இலேயே வெளிவந்திருந்ததை நாம் அறிந்திருக்கவில்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் ஓர் ஆய்வு நடைபெற்றது. கரட்டுக்கு நிறந்தரும் பீற்றா கரோட்டினை நாளுக்கு 20 மில்லிகிராம் வீதம் குளிசையாக உட்கொண்டோரிடையே நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 வீதம் கூடுதலாகவே காணப்பட்டது. அமெரிக்காவில் நடந்த இதையொத்த ஆய்வு, அவ்வாறே தீங்கு தென்பட்டதால் 1996இல் இடைநிறுத்தப்பட்டது.

பல ஆண்டுகளின் பின் அண்ணருக்கும் அந்நோய் வந்தது. குளிசையால் வந்ததென்று எவரும் கூற முடியாது. ஆயினும் புகைத்தலை விட வேண்டிய ஆண்டுகளை அந்தப் போத்தல் அவரிடமிருந்து பறித்துக்கொண்டது. அவரை அடக்கஞ் செய்துவிட்டுத் திரும்பிய நாளில் எமது சிரிப்பும் எமக்கு உறுத்தலாயிற்று.

குளிசைகள் யாவும் வீண் என்பதல்ல எமது கருத்து. முதுமையில் பார்வையைக் கெடுக்கும் விழித்திரை நோயின் நடுநிலையை அடைந்தோருக்கு, குறிப்பிட்ட விற்றமின்களும் நாகமும் சேர்ந்த கலவை பயன் தருவதை 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. 2013இல் அக்கலவையிலிருந்து பீற்றா கரோட்டினை நீக்கி, லூற்றீனும் சீயாக்சாந்தினும் சேர்ப்பதே தகும் எனக் காணப்பட்டது. இவ்வாறு குறித்த நோய்க்குக் குறித்த அளவில் வைத்தியர் தருவது மருந்து. அச்சத்தால் நாமாக வாங்குவது வேறு.

ஜேர்மனியச் சட்டப்படி இத்தகைய துணையுணவுகள் மருந்தாகவன்றி உணவாகவே கொள்ளப்படுகின்றன. விற்பனைக்கு முன் அரச அலுவலகத்துக்கு அறிவித்தால் போதும். பயனை நிரூபிக்க வேண்டியதில்லை. இதனை எம்மவரிற் பலர் அறியார். குருதி உறைதலைத் தடுக்கும் மருந்து எடுப்போர் விற்றமின் ஈயை மிகையாக உட்கொண்டால் குருதிப்பெருக்கு ஏற்படவுங்கூடும்.

இன்று எமது சமையலறைகளில் கீரைக்குக் குறைவில்லை. பசளியும் கரட்டும் கோவாவும் எக்கடையிலும் உண்டு. கரட்டின் சத்து கொழுப்புடன் சேரும்போதே உடலில் நன்கு சுவறும். தேங்காய்ப்பால் விட்டுக் கறி சமைத்த எம் அன்னையர் அதனை அறியாமலே செய்தனர். கரட்டை உண்பதால் புகைப்போருக்குத் தீங்கென எவரும் அஞ்ச வேண்டாம். தீங்கு கண்டது குளிசையின் பெரும் அளவிலேயே.

ஊரிலுள்ள பெற்றோருக்குப் பொதி அனுப்பும் பிள்ளைகளே, போத்தலை வைக்குமுன் அவர்கள் எடுக்கும் மருந்துகள் எவையெனக் கேளுங்கள். வீட்டில் புகைப்பவர் இருப்பின், குளிசையைக் காட்டி அவர் சிரிக்கும்போது நீங்களும் சேர்ந்து சிரிக்காதீர்கள்.