கன்னத்துக் கருமை

எமது தங்கையின் முகத்தில் அந்தக் கருமையை முதன்முதலிற் கண்டவர் எமது தாயாரே. 2017ஆம் ஆண்டின் பிற்பகுதி. படுவான்கரை வட்டையிலே பெரும்போக வயலுக்குப் புல்லுப் பிடுங்கப் போய் மாலையில் தோணியிறங்கி வந்தவளின் கன்னங்கள் இரண்டும் கறுத்திருந்தன. மூக்குத் தண்டின் இரு மருங்கும் வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போன்ற கருமை. “வெயில் பட்டுக் கறுத்திருக்கு மனே, மஞ்சள் அரைச்சுப் பூசு” என்றார் தாயார். மஞ்சளும் பூசப்பட்டது. மருத்துவ நூல்களோ அந்த அடையாளத்தைச் சிவப்பு என்றே எழுதி வைத்திருக்கின்றன. வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியவர்களின் நூல்கள் அவை. எம்மவர் தோலில் அது பெரும்பாலும் கருமையாகவே படிகிறது என்பதை நாம் அறிய மேலும் இரண்டாண்டுகள் சென்றன. அந்த இரண்டாண்டுகளில் அவள் வயிற்றில் இரண்டு உயிர்கள் வந்து போயின.

மட்டக்களப்பின் வழமை அறியாத வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்து, மாப்பிள்ளையை அவள் வீட்டுக்கு அழைத்துக்கொள்வதே மரபு. குடியும் தாய்வழியே செல்கிறது. ஆகவே பிள்ளையில்லாத பெண்ணை மாமியார் வதைத்தாள் என்று தென்னிந்தியக் கதைகளில் வருவது போல இங்கே நடப்பது குறைவு. இதனைக் கொண்டு எம்மூர்ப் பெண் விடுதலை பெற்றவள் என்று மேடைகளில் நாமே பேசியிருக்கிறோம். ஆனால் வீடு அவளுடையதாயின் வீட்டின் வெறுமையும் அவளுடையதே ஆகிறது. குடி அவளோடு நின்றுபோகும் என்ற பேச்சு, பெற்ற தாயின் வாயிலிருந்தே வரும்போது மாமியாரின் ஏச்சிலும் ஆழமாகத் தைக்கிறது.

முதற்பிள்ளை 2018இல் மூன்றாம் மாதத்திலே கலைந்தது. “முதல் கரு தங்காது போறதுதான்” என்று எல்லோரும் சொன்னார்கள், நாமும் சொன்னோம். காலையில் விரல் மடக்க முடியவில்லை என்றாள். வாதம் என்று எண்ணெய் தேய்த்தார்கள். சீப்போடு மயிர் கொத்தாக வந்தது. பிள்ளை கலைந்த மெலிவு என்றார்கள். இரண்டாவது பிள்ளை ஆறாம் மாதம் வரை நின்றது. கால்கள் வீங்கின, பிரசர் ஏறியது, சிறுநீரிலே புரதம் போயிற்று. பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு வரும் பிரசர் என்றே ஆஸ்பத்திரியில் எழுதினார்கள். பிள்ளை துடிப்பின்றிப் பிறந்தது. அது 2019 பெப்ரவரி. விரல் வலியையும் மயிர் உதிர்ந்ததையும் கன்னத்துக் கருமையையும் அந்தச் சிறுநீரோடு சேர்த்துப் பார்க்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை. சேர்த்துச் சொல்ல எமக்கும் தோன்றவில்லை என்பதையும் எழுதவேண்டும்.

அடுத்து நடந்ததை எழுதக் கை கூசுகிறது. மட்டக்களப்பார் மந்திரத்தால் மனிதரைப் பாயோடு ஒட்ட வைப்பார்கள் என்று நாடெங்கும் ஒரு கதை உண்டு. வெளியூர் ஆசிரியர்கள் அதைச் சொல்லிச் சிரிக்கும்போதெல்லாம் சினந்து வாதாடியவர்கள் நாம். சங்கக் கூட்டங்களிலே மூடநம்பிக்கை பற்றி மணிக்கணக்கிற் பேசியிருக்கிறோம். அந்த நாமே, பங்குனி மாதத்து இரவொன்றில், தங்கையின் வளவிலே செய்வினை கழிக்கும் சடங்கிற்குப் பந்தம் பிடித்து நின்றோம். தாயாரின் அழுகைக்கு முன் நாம் கற்ற கல்வி வாய் திறக்கவில்லை. பந்தத்தின் வெக்கை முகத்தில் அடிக்க அவள் எம்மையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நீங்களுமா அண்ணன்?” என்று அன்று கேட்கவில்லை, பல மாதங்களின் பின், பஸ்ஸில், சாதாரணமாகக் கேட்டாள்.

அந்த பஸ் கல்லடிப் பாலத்தைத் தாண்டி மட்டக்களப்பு நகருக்குள் போய்க்கொண்டிருந்தது. அதற்கு முந்திய கிழமைதான் காய்ச்சலுக்கென்று மருந்தெடுக்கப் போன இடத்தில் இளம் டொக்டர் ஒருவர் அவள் முகத்தை வெளிச்சத்திற் திருப்பிப் பார்த்து, “வெயிலில நிண்டால் கூடுதா?” என்று கேட்டிருந்தார். இரத்தம் கொழும்புக்குப் போயிற்று. நோயின் பெயர் லூப்பஸ் என்று வந்தது. இலத்தீன் மொழியில் ஓநாய் என்று பொருளாம். உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தி உடலையே அந்நியன் எனக் கருதித் தாக்கும் நோய் இது. தோல், மூட்டு, சிறுநீரகம், இரத்தம் என எங்கும் அது போகும். நோயுற்றோர் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலோர் பிள்ளை பெறும் வயதினர். வெயில் அதனைத் தூண்டும். வயலிலே நாளெல்லாம் குனிந்து நிற்கும் பெண்ணுக்கு வெயிலில் நில்லாதே என்று சொல்வது எத்தகைய வைத்தியம் என்பதை வாசகர் சிந்திக்க வேண்டும்.

பிள்ளைகள் போன காரணமும் அப்போதுதான் விளங்கிற்று. லூப்பஸ் உள்ள பெண்களிற் சிலருக்கு இரத்தத்தை உறைய வைக்கும் ஒருவகை எதிர்ப்பொருள்கள் இருக்கின்றன. லண்டனில் கிரஹாம் ஹியூஸ் என்னும் மருத்துவர் 1983இல் இதனைத் தனி நோயாக விவரித்தார். அந்த எதிர்ப்பொருள்கள் நச்சுக்கொடியிலே இரத்தவோட்டத்தைக் கெடுக்கின்றன. கரு கலைகிறது, அல்லது வளர்ச்சி குன்றுகிறது. இனி, சிறுநீரகத்தை லூப்பஸ் தாக்கும்போது பிரசரும் வீக்கமும் புரதமும் தோன்றும். கர்ப்பத்தினால் வரும் பிரசர் நோயும் அதே முகத்தோடுதான் வரும். தேர்ந்த மருத்துவர்களையே மயக்கும் ஒற்றுமை இது என்று பின்னர் வாசித்து அறிந்தபோது, அந்த ஆஸ்பத்திரியின் மேல் எமக்கிருந்த கோபம் பாதி தணிந்தது. மறுபாதி இன்னும் தணியவில்லை.

“இந்த வருத்தக்காரி பிள்ளை பெறக்கூடாது” என்று ஒருவர் தீர்ப்புச் சொன்னார். அது ஒரு காலத்து வைத்தியம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2005ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, 1960–65 காலத்தில் லூப்பஸ் உள்ள பெண்களின் கர்ப்பங்களில் 43 வீதம் இழக்கப்பட்டன என்றும், 2000–2003இல் அது 17 வீதமாகக் குறைந்தது என்றும் காட்டுகிறது. வட அமெரிக்காவிலே, நோய் அடங்கியிருந்த அல்லது இலேசாயிருந்த நிலையிற் கருவுற்ற 385 பெண்களைத் தொடர்ந்து பார்த்து 2015இல் வெளியான ஆய்வில் 81 வீதத்தினருக்குப் பெரிய சிக்கல் எதுவும் நேரவில்லை. நோய் அடங்கியிருக்கவேண்டும் என்பதே இங்கு உயிர்நிலை. கொழும்பிலே அவளைப் பார்த்த வைத்தியர் சொன்னதும் அதுவே: “இப்ப வேண்டாம். குறைந்தது ஆறு மாதம் நோய் அடங்கிக் கிடக்கட்டும். அதுவரை பிள்ளை தங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் சாதாரணக் கருத்தடைக் குளிசை உங்களுக்குக் கூடாது, இரத்தம் உறையும்.” சிறுநீரகத்துக்குக் கொடுத்த மைக்கோபீனோலேட் கருவைச் சிதைக்கும் மருந்தாகையால், நோய் அடங்கியபின் அதை நிறுத்தி அசத்தயோப்பிரின் என்ற வேறொன்றைத் தந்தார்கள். ஐதரொக்சிக்குளோரோகுயின் மட்டும் நிற்கவே கூடாது என்றார்கள்.

இந்தக் குளிசையைப் பற்றி ஒரு வார்த்தை. மலேரியாவுக்கென்று செய்யப்பட்ட மருந்துக் குடும்பம் லூப்பஸுக்கும் உதவும் என்பதை 1951இல் பேஜ் என்பவர் எழுதினார். 1934–35இல் இலங்கையை மலேரியா வாரிக்கொண்டு போனபோது, சூரியமல் இயக்கத்து இடதுசாரி இளைஞர்கள் கிராமம் கிராமமாக மருந்தும் உணவும் கொண்டு நடந்த வரலாற்றை நாம் வகுப்பிலே சொல்வதுண்டு. 2016இல் மலேரியா ஒழிந்த நாடென இலங்கை சான்று பெற்றது. 2020இலோ, கொரோனாவுக்கு அது மருந்தாகும் என்ற ஆரவாரத்தில் உலகெங்கும் மக்கள் அக்குளிசையை வாங்கிக் குவித்தார்கள். நாள்தோறும் அதை நம்பியிருந்த லூப்பஸ் நோயாளர்கள் கடை கடையாக அலைந்தார்கள். தங்கைக்காகக் களுவாஞ்சிகுடியிலிருந்து மட்டக்களப்பு வரை பார்மசி பார்மசியாக ஏறியிறங்கியவர்களில் நாமும் ஒருவர்.

மூன்றாவது கர்ப்பம் 2022ஆம் ஆண்டோடு சேர்ந்து வந்தது. டொலர் இல்லை, எண்ணெய் இல்லை, ஆஸ்பத்திரியில் மருந்தில்லை. பன்னிரண்டாம் கிழமையிலிருந்து சிறிய அளவு அஸ்பிரின். அதனோடு நாளொன்றுக்கு ஓர் ஊசி, இரத்தம் உறையாதிருக்க. அவளே வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்துப் போட்டுக்கொள்வாள். நீல நீலமாகக் கன்றிப்போன அந்த வயிற்றைப் பார்த்துத் தாயார் மாரடித்தார். ஊசி ஆஸ்பத்திரியில் இல்லாத நாட்களில் வெளியே வாங்கினோம். மச்சான் மேசன் வேலை. சீமெந்து விலை ஏறி வேலை நின்றிருந்தது. நாம் சம்பளத்தைக் காட்டிக் கடனெடுத்தோம். சம்பளச் சிட்டை இல்லாத அண்ணனைக் கொண்ட பெண் என்ன செய்திருப்பாள்? அவளோடு வயலில் நின்றவர்கள் அத்தனை பேரும் அப்படிப்பட்டவர்களே.

எமது குடும்பநல மாதின் பெயரை எழுத அவர் விடமாட்டார். பெற்றோல் வரிசையில் ஊரே நின்றபோது அவர் சைக்கிளில் வந்து பிரசர் பார்த்தார். 1940களின் நடுப்பகுதியில் ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புக்கு 1,500க்கும் மேற்பட்ட தாய்மாரை இழந்த நாடு, முப்பதை ஒட்டிய எண்ணிக்கைக்கு வந்தது இத்தகைய பெண்களின் கால்நடையாலேயே. ஆயினும் அவர் கையிலுள்ள பதிவேட்டில் மூட்டு வலியைக் கேட்க ஓர் இடமில்லை என்று அவரே சொன்னார். கர்ப்பம் தரித்தபின் பார்க்கும் கண்கள் எம்மிடம் இருக்கின்றன. இந்த நோய்க்கோ, தரிக்குமுன் பார்க்கும் கண் வேண்டும். தம்பதியரைப் பதிந்து வீடு வீடாகச் செல்லும் ஏற்பாடு இருக்கும்போது, இரண்டு கேள்விகள் கூடுதலாகக் கேட்பதற்கு டொலர் தேவையில்லை.

இன்னொரு பயமும் இருந்தது. தாயின் இரத்தத்திலுள்ள வேறொரு எதிர்ப்பொருள் கருவின் இதயத் துடிப்பை மந்தமாக்கிவிடக்கூடும். நூற்றில் இரண்டு பிள்ளைகளுக்கு அப்படி நேர்கிறது. அவளுக்கு அந்த எதிர்ப்பொருள் இருந்தது. பதினாறாம் கிழமை தொடங்கித் திரும்பத் திரும்ப ஸ்கான். எண்ணெய் இல்லாத ஊரில் ஒவ்வொரு ஸ்கானும் ஒரு யாத்திரை. துடிப்பு ஒழுங்காகவே இருந்தது. 2022 ஓகஸ்டில், முப்பத்தைந்தாம் கிழமையிலே பிரசர் ஏறத் தொடங்கவும் வயிற்றை வெட்டி எடுத்தார்கள். பெண்பிள்ளை. 1.9 கிலோ. பிறந்து மூன்றாம் கிழமை தாய்க்கு மூட்டு வீங்கி நோய் மறுபடி தலைகாட்டிற்று. பிள்ளைப்பேற்றின் பின் இது நேரக்கூடும் என்று முன்னரே சொல்லியிருந்தபடியால் யாரும் பந்தம் தேடவில்லை.

இப்போது அவள் மச்சானின் நீளக்கைச் சட்டையைப் போட்டு, குடையும் பிடித்துத்தான் வெளியே இறங்குகிறாள். ஊரில் பட்டப்பெயரும் வைத்துவிட்டார்கள். கண்ணகை அம்மன் கோயிலில் கட்டிய நூல் பிள்ளையின் கையிலே கிடக்கிறது. அதைப் பற்றி நாம் வாய் திறப்பதில்லை. சென்ற மாதம் தாயார் பள்ளிக்கூட வாசல்வரை எம்மைத் தேடி வந்தார். அயல்வீட்டுப் பெண்ணுக்கு, கலியாணம் முடித்து நாலு மாதம், கன்னம் இரண்டும் கறுத்திருக்கிறதாம். “இதுவும் அதுவோ மனே?” என்றார். எமக்குத் தெரியாது, இரத்தம் பார்த்தால்தான் தெரியும் என்றோம். கிளினிக் என்றைக்கு என்று கேட்டார். வியாழக்கிழமை என்றோம். வியாழன் காலை ஆறு மணி பஸ்ஸுக்கு அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு தாயாரே வீதியில் நின்றார்.