அந்தமானில் ஒரு மாதம்: டிசம்பர் 30 முதல் ஜனவரி 30 வரை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது சாவகாசமாகப் படியுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் காரசாரமான வாக்குவாதம். "இந்தியாவில் முதலில் விடுதலை அடைந்த பூமி அந்தமான்தான், 1943-லேயே நேதாஜி கொடி ஏற்றிவிட்டார்" என்று ஒரு தம்பி படம் போட்டார். "ஜப்பான்காரன் துப்பாக்கி நிழலில் ஏற்றிய கொடி" என்று இன்னொரு தம்பி பதில் போட்டார். கடைசியில், "சார், நீங்களே சொல்லுங்க" என்று என்னிடம் வந்து நின்றார்கள். முப்பத்து மூன்று வருஷம் சமூக அறிவியல் நடத்தியவனுக்கு இரண்டு வரியில் பதில் சொல்ல வராது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8-இல் ரங்கூன். அடுத்தது அந்தமான் என்று பிரிட்டிஷாருக்குத் தெரியும். காப்பாற்ற முடியாது என்று முடிவு செய்து, படையைக் கப்பலேற்றிக் கொண்டு போய்விட்டார்கள். மார்ச் 23-இல் ஜப்பானியர் போர்ட் பிளேரில் இறங்கியபோது எதிர்த்துச் சுட ஆளில்லை. சண்டையே நடக்கவில்லை. கைவிடப்பட்டவர்கள் அங்கேயே குடியிருந்த நம் ஜனங்கள்தான். தண்டனைக் கைதிகளாக வந்து குடும்பமானவர்கள், அவர்களின் பிள்ளைகள், குமாஸ்தாக்கள், வியாபாரிகள்.

வந்த சில நாட்களிலேயே ஜப்பானியரின் சுபாவம் தெரிந்துவிட்டது. வீடு புகுந்த சிப்பாய்களை விரட்ட ஏர்கன்னால் சுட்ட ஜுல்பிகர் அலி என்ற இளைஞரை ஊரார் கண் முன்னாலேயே சித்திரவதை செய்து கொன்றார்கள்.

1943 ஜனவரியில், முன்பு போர்ட் பிளேரில் போலீஸ் அதிகாரியாக இருந்த மெக்கார்த்தி என்ற ஆங்கிலேயர் ஒரு சிறு குழுவோடு நீர்மூழ்கிக் கப்பலில் ரகசியமாக வந்திறங்கி, வேவு பார்த்துத் திரும்பினார். அந்தத் தீவுக்கு வரும் ஜப்பானியக் கப்பல்களும் கடலில் மூழ்கடிக்கப்பட்டன. "உள்ளூர்க்காரன்தான் துப்புக் கொடுக்கிறான்" என்று ஜப்பானியர் முடிவு கட்டினார்கள். ஆள் ஆளாகப் பிடித்து செல்லுலார் சிறையில் போட்டு, அடித்து வாக்குமூலம் வாங்கினார்கள். அந்தமானில் இந்திய சுதந்திர லீகின் தலைவராக இருந்தவர் டாக்டர் திவான் சிங். பஞ்சாபிக் கவிஞர், ஊருக்கே வைத்தியர். 1943 அக்டோபரில் அவரையும் பிடித்தார்கள்.

இனி தேதிகளை வரிசையாகப் பாருங்கள்.

1943 அக்டோபர் 21: சிங்கப்பூரில் நேதாஜி ஆசாத் ஹிந்த் அரசை அறிவித்தார். நவம்பரில் ஜப்பானியப் பிரதமர் டோஜோ, அந்தமான் நிக்கோபார் தீவுகளை அந்த அரசிடம் ஒப்படைப்பதாகச் சொன்னார்.

டிசம்பர் 30: போர்ட் பிளேரில் நேதாஜி மூவர்ணக் கொடியை ஏற்றினார். அந்தமானுக்கு ஷஹீத் என்றும் நிக்கோபாருக்கு ஸ்வராஜ் என்றும் பெயர் சூட்டினார். அன்று திவான் சிங் அதே ஊரில், சிறைக்குள் வதைபட்டுக் கொண்டிருந்தார். நேதாஜியைச் சுற்றி ஜப்பானியர் போட்ட வளையத்தைத் தாண்டி அந்தக் குரல் வெளியே வரவில்லை.

1944 ஜனவரி 14: திவான் சிங் இறந்தார்.

ஜனவரி 30: ஒற்றர்கள் என்று குற்றம் சாட்டி 44 பேரை ஹம்ஃப்ரிகஞ்சுக்குக் கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்றார்கள். பெரும்பாலோர் இந்திய சுதந்திர லீகைச் சேர்ந்தவர்கள். கொடி ஏறி சரியாக ஒரு மாதம்.

அடுத்த மாதம் ஆசாத் ஹிந்த் அரசின் சார்பில் நிர்வாகம் செய்ய வந்தவர் ஒரு தமிழர், ஏ.டி. லோகநாதன். ராணுவ மருத்துவர். போலீஸ் இலாகாவை அவரிடம் தர ஜப்பானியக் கடற்படை மறுத்துவிட்டது. கடைசியில் அவர் கைக்கு வந்தது கல்வி இலாகா மட்டும். வாத்தியார் வேலை பார்த்த எனக்கு இந்த இடத்தில் ஒரு நிமிஷம் மனசு நின்றுவிடும். பள்ளிக்கூடத்தை நடத்தலாம், பிள்ளையின் அப்பாவை இரவில் இழுத்துப் போனால் கேட்க அதிகாரம் கிடையாது. இதுதான் அந்த ஆட்சி.

நேச நாடுகள் என்ன செய்தன? அந்தமானை மீட்க ஒரு தாக்குதல் திட்டம் தயாரானது. 1943 டிசம்பரில், கப்பல்கள் ஐரோப்பாவுக்குத் தேவை என்று அதைக் கைவிட்டார்கள். ஜப்பானியப் படையைத் தீவிலேயே அடைத்து வைத்துவிட்டு, போர் பர்மா பக்கமாக நகர்ந்தது. அடைபட்டது படை மட்டுமா? வீராணத்துத் தண்ணீரில் நெல் விளையும் நமக்கு இது சட்டென்று புரியாது. அந்தமானுக்கு அரிசி கப்பலில்தான் வரவேண்டும். கப்பல் நின்றது. பஞ்சம் வந்தது. 1945 ஆகஸ்டில், வேலைக்கு உதவாதவர்கள் என்று ஒதுக்கிய நூற்றுக்கணக்கானோரை, வேறு தீவில் பயிர் செய்யலாம் என்று சொல்லிப் படகேற்றி, ஹேவ்லாக் தீவுக்கருகே கடலில் தள்ளினார்கள். சாட்சி சொல்ல மிகச் சிலரே பிழைத்தார்கள். அக்டோபரில் இந்தியப் படைப்பிரிவு ஒன்று வந்து ஜப்பானியரின் சரணடைதலை ஏற்றுக்கொண்டது. அப்போதும் பெரிய சண்டை இல்லை.

ஆக, தம்பிகளே, நீங்கள் இருவர் சொன்னதும் நடந்ததுதான். நேதாஜியின் நோக்கத்தில் எனக்குச் சந்தேகம் கிடையாது. அவர் கொடியேற்றிய மண்ணில் அவருடைய இயக்கத்தாரையே கொன்றதும் உண்மை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லப் பழக வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால், அந்த 44 பேரும் இரண்டு தரப்புக்கும் வேண்டாதவர்களாகி விடுகிறார்கள்.

ஓய்வு பெற்றபின் நானும் வீட்டம்மாவும் அந்தமான் போனோம். ராஸ் தீவில் ஜப்பானியர் கட்டிய பதுங்குகுழிகளில் நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஹம்ஃப்ரிகஞ்ச் நினைவிடத்தில் எங்களைத் தவிர யாருமில்லை. ஆட்டோக்காரரே கொஞ்சம் யோசித்துத்தான் வண்டியை எடுத்தார். வீட்டம்மா கொண்டுபோன பூவை வைத்துவிட்டு வந்தோம்.

நெய்வேலியிலிருந்து எல்.டி.சி. போட்டு அந்தமான் போகிற பிள்ளைகள் உங்களில் நிறையப் பேர் உண்டு. ஹேவ்லாக்கில் கடலுக்கடியில் பவளப்பாறை பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தத் தீவுக்கு 2018 முதல் ஸ்வராஜ் தீவு என்று பெயர். அங்கே நிற்கும்போது 1945 ஆகஸ்டைக் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். ஊர் திரும்புமுன் அரைநாள் ஒதுக்கி ஹம்ஃப்ரிகஞ்சுக்கும் போய்வாருங்கள்.

ஜனவரி 30 காந்தியடிகள் நினைவு நாள். பள்ளியில் காலை 11 மணிக்கு இரண்டு நிமிடம் மௌனமாக நிற்போமே, ஞாபகம் இருக்கிறதா? நான்காண்டுகளுக்கு முன் அதே தேதியில் போன அந்த 44 பேரையும் அடுத்த முறை சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

பர்மா, மலேயா, அந்தமான் என்று அந்தக் காலத்தில் போய்வந்த தாத்தா, பாட்டி கதை யார் வீட்டிலாவது இருந்தால் கீழே எழுதுங்கள். வாசிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்,
சேத்தியாத்தோப்பு